கடைசிக் கால் மணி நேரம்

ஊசியம்மா என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் இரண்டாம் படுக்கைத் தையல்காரர். ஊசி பிடிக்கிற கை என்றால் அவருக்குத் தனி மரியாதை. ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் அவள் டயாலிசிஸ் டெக்னீஷியன். வயது நாற்பத்தாறு, சர்வீஸ் பன்னிரண்டு வருஷம், வலிக்கிற முழங்கால் இரண்டு. இரவுக் காவல் வேலைக்குப் போகும் கணவரை அவள் வீட்டு வாசலில்தான் பார்ப்பாள். இவள் செருப்பைக் கழற்றும்போது அவர் மாட்டிக்கொண்டிருப்பார்.

மத்தியான ஷிஃப்ட்டில் நான்கு படுக்கைகள், நான்கு மிஷின்கள். ஒரு ஊசி வழியாக ரத்தம் வெளியே போகும், மிஷினில் சுத்தமாகும், இன்னொரு ஊசி வழியாக உள்ளே வரும். ஒருவருக்கு நான்கு மணி நேரம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்துக்கு மூன்று நாள். வராமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் படுக்கை லிஃப்ட்காரருடையது. முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். அடுத்தது தையல்காரர். மூன்றாவதில் கணக்கு டீச்சர். ரிட்டயராகியும் யார் தப்பாகப் பேசினாலும் திருத்தாமல் இருக்க முடியாது அவரால். நான்காவதில் டிரைவர். ஊசி ஏறியதும் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொள்வார். நான்கு மணி நேரம் கழித்து எழுந்து, "வந்தாச்சா?" என்று கேட்பார்.

சுவரில் ஒரு டிவி. வியாழக்கிழமை டீச்சருக்காகச் செய்தி, சனிக்கிழமை டிரைவருக்காக விளையாட்டு. அவர் தூங்குவது வேறு விஷயம். செவ்வாய்க்கிழமை மட்டும் படம். என்றோ இங்கே வந்துகொண்டிருந்த ஒருவர் விட்டுப்போன பென் டிரைவ் டிவியின் முதுகிலேயே சொருகி இருந்தது. அதில் இருந்தது ஒரே ஒரு படம். பழைய கறுப்பு வெள்ளை இந்திப் படம். மூன்று மணி இருபத்தைந்து நிமிஷம், ஏழு பாட்டு. நான்கு பேரில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. தெரியாமலேயே மூன்று வருஷமாகப் பார்க்கிறார்கள்.

கதை ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. ஒரு சின்ன ஊர்த் தபால் அதிகாரி. மகள் தன் இஷ்டத்துக்கு ஒரு பட்டாளத்துக்காரனைக் கட்டிக்கொண்டுவிட்டாள். அப்பாவுக்கு அவனைக் கண்டால் ஆகாது. அவன் போர்முனைக்குப் போனபின் எழுதுகிற கடிதங்களை ஒன்றுவிடாமல் எடுத்து ஒளித்துவைக்கிறார். மகள் பத்து வருஷம் காத்திருக்கிறாள். எழுதவே இல்லையே என்று வெறுத்துப்போய், தூரத்து ஊரில் வேலை தேடிக்கொண்டு ரயிலேறக் கிளம்புகிறாள். அன்றைக்குத்தான் அப்பாவுக்கு மனசு கரைகிறது. கடிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். ஸ்டேஷன் படியில் அவர் கால் வைக்கிறார், ரயில் ஊதுகிறது, அந்த இடத்தில் ஊசியம்மா டிவியை அணைத்துவிடுவாள்.

அவள் மேல் குற்றமில்லை. ஊசி போடும்போதும் எடுக்கும்போதும் டிவி ஓடக் கூடாது என்பது பெரிய டாக்டரின் உத்தரவு. எப்போதோ ஒரு பாட்டுச் சத்தத்தில் யாருடைய மிஷின் அலாரமோ காதில் விழாமல் போனதிலிருந்து அந்தச் சட்டம். ஒரு மணிக்கு லிஃப்ட்காரருக்கு முதல் ஊசி. பிறகு கால் மணிக்கு ஒருவராகப் போட்டு, டிரைவர் தொப்பியைக் கவிழ்த்துக்கொள்ளும்போது மணி ஒன்று ஐம்பது. அப்போதுதான் படம் ஆரம்பிக்கும். ஐந்து மணிக்கு லிஃப்ட்காரரின் மிஷின் கூவும். படத்தில் இன்னும் கால் மணி நேரம் பாக்கி இருக்கும். டிவியை அணைத்தாக வேண்டும்.

அணைத்த கையோடு வாக்குவாதம் ஆரம்பிக்கும்.

"ரயில் போயிருக்கும். அவனவன் செஞ்சது அவனவன் தலையில" என்பார் தையல்காரர்.

"அவன் இல்லை, அவர். அப்பா" என்று டீச்சர் திருத்துவார். "அதெல்லாம் பிடிச்சுடுவார். பெத்த மனசு."

"பெத்த மனசுதானே பத்து வருஷம் லெட்டரை ஒளிச்சு வெச்சது?"

லிஃப்ட்காரர் மட்டும் சிரித்துக்கொண்டு கையை நீட்டுவார். ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே, "வீட்டுல போன்ல பார்த்துட வேண்டியதுதானே?" என்று ஊசியம்மா ஒரு தடவை கேட்டாள். "வீட்டுலயே பார்த்துட்டா அப்புறம் இங்க எதுக்கு வர்றது?" என்றார் தையல்காரர். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் முடிவைப் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தால் கட்டைபோலத் தூங்குகிறவளுக்குப் படம் ஒரு கேடா?

லிஃப்ட்காரரின் அக்கா வெளியே பெஞ்சில் இருப்பார். எழுபது வயது. தம்பி பெண்டாட்டி போன இந்த மூன்று வருஷமாகத் தம்பிக்கு எல்லாம் இந்த அக்காதான். இரண்டு பஸ் மாறி அழைத்துவந்து, நான்கு மணி நேரம் உட்கார்ந்து, இரண்டு பஸ் மாறி அழைத்துப்போவார். டிவி இருக்கும் பக்கம் அவர் பார்த்ததே இல்லை. கதவுக்கு வெளியே வருகிற சத்தம் மட்டும் அவருக்கு.

ஊசியம்மாவுக்கு அந்த நான்கு பேரில் லிஃப்ட்காரர் மேல் ஓரவஞ்சனை உண்டு. அவள் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலில் தனியாக ஊசி போட்டது அவருக்குத்தான். இரண்டு தடவை தவறிப்போய்க் கை வீங்கிவிட்டது. அவள் அழுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். "பதறாதம்மா. இன்னொரு கையும் இருக்கு" என்றார் அவர். அப்புறம் தன் தொழில் ரகசியம் ஒன்றையும் சொன்னார்.

"லிஃப்ட்ல ஆளுங்க மாட்டிக்குவாங்க. இருட்டு, புழுக்கம், ஒரே கூச்சல். நான் போனதும் முதல்ல ஸ்பானரை எடுக்க மாட்டேன். கதவுல வாயை வெச்சு 'அஞ்சு நிமிஷம்'னு சொல்லுவேன். அரை மணி ஆகும்னு எனக்குத் தெரியும். ஆனா அஞ்சு நிமிஷம்தான் சொல்லணும். மனுஷன் அஞ்சு நிமிஷம் எதையும் தாங்குவான். அது முடிஞ்சதும் இன்னொரு அஞ்சு நிமிஷம். அவ்வளவுதான் வேலை."

மூன்றாவது தடவை ஊசி சரியாக ஏறியது. அதற்குப் பிறகு அந்தக் கையில் அவள் தவறியதே கிடையாது. வேறு யார் போட்டாலும் அவருக்கு வலிக்கும்.

அப்படிப்பட்டவர்தான் ஒரு செவ்வாய்க்கிழமை, எடை பார்க்கிற மிஷினிலிருந்து இறங்கும்போது, காபி போதும் என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

"போதும்மா. நிறுத்திக்கலாம்னு இருக்கேன்."

அவளுக்குப் புரியவில்லை என்று சொல்ல முடியாது. அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. மிஷினில் போட்ட இரண்டாவது மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கிவிடுகிறது. கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டு மனிதர் பல்லைக் கடிப்பது நான்காம் படுக்கை வரை கேட்கும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவர் உடம்பு தாங்காது என்று எப்போதோ சொல்லியாகிவிட்டது. பெரிய டாக்டரிடம் பேசிவிட்டாராம். டாக்டர் இரண்டு தடவை யோசிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் அது உங்கள் உரிமை, வலி தெரியாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாராம்.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"அவளா? ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள் சாப்பாடு போட்டா. அப்ப சரின்னுதானே அர்த்தம்?"

ஊசியம்மா எத்தனையோ பேரை இந்த அறையிலிருந்து அனுப்பியவள்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கையில் ஊசி குத்துவதற்கு முன் ஒரே இடத்தை மூன்று தடவை பஞ்சால் துடைத்தாள். அவர் அதைப் பார்த்திருக்க வேண்டும். பேச்சை மாற்றுகிற மாதிரி, "ஒரே ஒரு குறைதான். இந்தப் படத்தோட கடைசியைப் பார்க்காமப் போறேன்" என்றார்.

நீரில் விழுந்தவள் கையில் துரும்பு அகப்பட்டது.

"அதுக்கென்ன அண்ணே, நான் காட்டறேன். டாக்டர்கிட்ட பர்மிஷன் வாங்கி, கால் மணி நேரம் முன்னாடியே படத்தைப் போட்டுடறேன். அடுத்த செவ்வாய். அதுவரைக்கும் ஒழுங்கா வந்துடுங்க."

"அடுத்த செவ்வாயா?"

"கட்டாயம்."

அவர் சிறிது நேரம் அவள் முகத்தையே பார்த்தார். "சரிம்மா" என்றார்.

வியாழன் வந்தார், சனி வந்தார், செவ்வாய் வந்தார். டாக்டர் லீவு என்றாள் அவள். அவர் சரி என்றார். அடுத்த வாரம் டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். அதற்கடுத்த வாரம் டாக்டருக்குக் கோபமான நாள், வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. நான்காவது வாரம் அவளுக்கே மறந்துபோயிற்று என்றாள், கூசாமல். நிஜத்தில் பெரிய டாக்டர் தினமும் பத்து மணிக்கு அந்த வராந்தாவில்தான் நடந்து போனார். லீவும் இல்லை, கோபமும் இல்லை. அவள் கேட்கவே இல்லை. ஒவ்வொரு பொய்யும் ஒரு வாரம் கொடுத்தது. ஒரு வாரம் என்றால் மூன்று முறை. மூன்று முறை ரத்தம் சுத்தமாகி அவர் எழுந்து நடந்து போவார். அதற்கு முன்னால் ஒரு பொய் எந்த மூலைக்கு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் கெண்டைக்கால் யார் சொன்னாலும் கேட்கவில்லை. ஆறாவது வாரம் சனிக்கிழமை, மூன்று மணிக்கு அவர் நிறம் மாறியது. மிஷின் அலறியது. கால்மாட்டைத் தூக்கி, உப்புநீர் ஏற்றி, அவள் கன்னத்தில் தட்டித் தட்டிக் கூப்பிட்டாள். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிரைவர் தொப்பியை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தவருக்கு உடனே இரண்டு காலும் முறுக்கிக்கொண்டது. அவர் கத்தவில்லை. படுக்கையின் இரும்பைப் பிடித்த கை வெளுத்துப்போயிருந்தது. அவள் முழங்காலில் உட்கார்ந்து அந்தக் காலை நீவிவிட்டாள். நீவும்போதுதான் அது உறைத்தது. இந்த ஆறு வாரமும் இவர் யாருக்காக இதைத் தாங்குகிறார்? படத்துக்காக என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தை வைத்துத்தான் அவள் அவரைக் கட்டிப்போட்டிருக்கிறாள். அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

அன்றைக்குப் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, வர்ற செவ்வாய்க்கிழமை கடைசி வரைக்கும் காட்டிடறேன். சத்தியமா."

அவர் முன்பு பார்த்த மாதிரியே அவள் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை சற்று அதிக நேரம்.

"நிஜமாத்தான் சொல்றே" என்றார். பிறகு, "ரொம்ப சந்தோஷம்மா" என்றார்.

திங்கட்கிழமை காலையில் அவள் வராந்தாவில் டாக்டரை மறித்துக் கேட்டாள். "இதுக்கா இவ்வளவு தயக்கம்? ஒரு நாள்தானே, போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரைக்கே அவள் முதல் மிஷினைத் தயார் செய்து, குழாய்களில் உப்புநீர் ஓட்டி, புது விரிப்பு விரித்து வைத்தாள். ஒரு மணி ஆயிற்று. பஸ் தாமதமாகும். ஒன்று ஐந்து. எடை மிஷின் பக்கம் யாரும் இல்லை. ஒன்று பத்துக்குத் தையல்காரர் மெதுவாக, "ஊசியம்மா, எனக்குப் போட்டுடு. அவர் வந்தா வரட்டும்" என்றார். அவள் ஒன்றேகால் வரை நின்று பார்த்துவிட்டு வழக்கமான நேரத்துக்கு வழக்கமான ஆட்களுக்கு ஊசி போட்டாள். மணி ஒன்று ஐம்பது.

"படம் போடட்டுமா?" என்றாள். யாராவது வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்று இருந்தது. டிரைவர் கூடத் தூங்கவில்லை.

"செவ்வாய்க்கிழமைதானே?" என்றார் டீச்சர்.

ஓடியது. ஏழு பாட்டும் வந்து போயின. பாட்டுக்கு நடுவில் யாரும் ஜோக்கடிக்கவில்லை. அவள் முதல் படுக்கையைப் பார்க்காமல் இருப்பதற்காக மற்ற மூவருக்கும் தேவைக்கு மேல் ரத்த அழுத்தம் பார்த்தாள்.

ஐந்து மணிக்குச் சற்று முன்னால் கதவு திறந்தது. அக்கா. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உள்ளே வந்தார். கையில் ஒன்றும் இல்லை, கூட யாரும் இல்லை.

ஊசியம்மா கதவையும் காலியான முதல் படுக்கையையும் மாறி மாறிப் பார்த்தாள். அக்காவே சொன்னார்: "இருக்கான். வீட்டுல படுத்திருக்கான். ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து மருந்து குடுத்துட்டுப் போச்சு. வலி இல்லை. பக்கத்து வீட்டுப் பொண்ணு கூட உட்கார்ந்திருக்கு. அவன்தான் என்னைத் துரத்தி விட்டான்."

"எதுக்கு?"

"அஞ்சு மணிக்குள்ள அங்க போய்ச் சேருன்னான். 'நான் போகாட்டி அஞ்சு மணிக்கு அங்க கூவறதுக்கு மிஷின் இல்லை. படம் இன்னைக்குக் கடைசி வரைக்கும் ஓடும். அந்தப் பொண்ணு இதுவரைக்கும் பார்த்ததில்லை. தனியாப் பார்க்க வேண்டாம், நீ கூட இரு'ன்னு சொன்னான்."

"அவரும்தானே பார்த்ததில்லை?"

அக்கா அவளைப் பாவம்போலப் பார்த்தார். "யாரு, அவனா? அந்தப் படம் வந்தப்ப அவனுக்குப் பதினோரு வயசு. நான்தான் கூட்டிட்டுப் போனேன். அப்புறம் அது எந்தத் தியேட்டருக்கு வந்தாலும் ரெண்டு பேரும் போயிடுவோம். ஒன்பது தடவையோ பத்துத் தடவையோ."

ஊசியம்மா திரும்பித் தையல்காரரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்தார்.

"நாங்க காலேஜ் கட் அடிச்சுட்டுப் பார்த்த படம்மா" என்றார் டீச்சர். "எங்க வயசுல அதைப் பார்க்காதவங்க யாரு இருக்கா?"

"அப்ப இத்தனை நாள் சண்டை போட்டது?"

"சண்டை போடாட்டி அந்த நேரம் எப்படிப் போகும்?" என்றார் தையல்காரர், யார் முகத்தையும் பார்க்காமல்.

அக்கா முதல் படுக்கையின் ஓரத்தில், புது விரிப்பு கலையாமல் உட்கார்ந்தார். "நீ ஒவ்வொரு வாரமும் அடுத்த செவ்வாய், அடுத்த செவ்வாய்னு சொல்லி அனுப்புவியாம். பஸ்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். 'என் வித்தையை எங்கிட்டயே காட்டறா. கதவுல வாயை வெச்சு அஞ்சு நிமிஷம்னு சொல்றா. பாவம், அந்தப் பக்கம் நின்னு எவ்வளவு பாடுபடுது. நான் நம்பாட்டி யாரு நம்பறது?'ன்னு சொல்லுவான். காலைப் பிடிச்சுக்கிட்டு அழற அன்னைக்கும் அதையேதான் சொல்லுவான். சனிக்கிழமை வீட்டுக்கு வந்ததும், 'அக்கா, கதவைத் திறந்துட்டா'ன்னான். வேற ஒண்ணும் சொல்லலை. படுத்துத் தூங்கிட்டான்."

மணி ஐந்து. டிவியில் அப்பா ஸ்டேஷன் படியில் கால் வைத்தார். ரயில் ஊதியது. ஊசியம்மாவின் கை பழக்கத்தில் ரிமோட்டைத் தூக்கிவிட்டது. எந்த மிஷினும் கூவவில்லை. கையை இறக்கினாள்.

அப்பா படியேறி ஓடுகிறார். ரயில் நகர்ந்துவிட்டது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடி, மகளுடைய ஜன்னலைக் கண்டுபிடித்துக் கடிதக் கட்டை நீட்டுகிறார். அவள் எட்டிப் பிடிக்கும்போது கயிறு அவிழ்ந்துபோகிறது. பத்து வருஷக் கடிதமும் பிளாட்பாரம் முழுக்கப் பறக்கிறது. அவள் கையில் ஒன்றே ஒன்று. ரயில் போய்விடுகிறது. அப்பா பிளாட்பாரத்தில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பிக்கிறார். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தாள் ஊசியம்மா. முடியவில்லை. ரொம்ப தூரத்தில் ரயில் நிற்கிறது. யாரோ சங்கிலியை இழுத்திருக்கிறார்கள். தண்டவாளத்தின் ஓரமாக ஒரு புள்ளி வருகிறது. பாட்டில்லை, பேச்சில்லை. அந்தப் புள்ளி மகளாகிற வரைக்கும் காமிரா அசையாமல் காத்திருக்கிறது. அவள் வந்து, அப்பாவை ஒரு வார்த்தை கேட்காமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் பொறுக்குகிறாள்.

மூன்று வருஷம் இந்தி இந்தி என்று காதில் விழுந்த படம், கடைசிக் கால் மணி நேரத்தில் எந்த மொழியும் பேசவில்லை. ஊசியம்மா அழுதாள். மறைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த இடத்துல எப்பவும் என் தோள்ல முகத்தை வெச்சுப்பான்" என்றார் அக்கா. "பெரியவனான அப்புறமும்."

திரை கறுத்தது. அதற்காகவே காத்திருந்ததுபோலத் தையல்காரரின் மிஷின் கூவியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையுறையை மாட்டி, டிவியை அணைத்தாள்.

"மெதுவா செய்ம்மா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்றார் தையல்காரர்.

அக்கா எழுந்து புடவையைச் சரிசெய்தார். "நான் கிளம்பறேன். பார்த்தாளான்னு கேப்பான். என்ன சொல்லட்டும்?"

ஊசியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் இரண்டு பேருக்கு ஊசி எடுக்க வேண்டும். மிஷின்களைக் கழுவ வேண்டும். எடை குறித்து, பதிவேட்டில் எழுதி, சாவியை ஒப்படைத்து, அப்புறம் லிஃப்ட்காரர் வீட்டுக்கு இரண்டு பஸ். எப்படிப் பார்த்தாலும் ஏழரை ஆகிவிடும்.

"பார்த்துட்டேன்னு சொல்லுங்க அக்கா. நானே வந்து பேசறேன்" என்றாள். பஞ்சை அழுத்திய விரலை எடுக்காமலே, அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்னு சொல்லுங்க."

அக்கா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "சொல்றேன்" என்று தலையாட்டிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு போனார்.